ஒரே வீடு, இரண்டு வயல்



‘வீடு’ என்பது இரண்டே எழுத்து. ஆயினும் அந்த இரண்டெழுத்தின் வாயிற்படியிலே வந்து, அதற்கு அப்பால் அடியெடுத்து வைக்காமல் நின்றுவிட்ட துறைகள்தான் எத்தனை! கணக்கெடுக்க வருவோர் கதவைத் தட்டுவர், “குடும்பத் தலைவர் யார்?” என்பர், ஒரு பெயரை எழுதிக்கொள்வர், அடுத்த கதவுக்குச் சென்றுவிடுவர். உள்ளே எத்தனை வயிறு, எத்தனை கை, எவர் கையிலே பை, எவர் தலையிலே சுமை என்ற கேள்விகள் கதவுக்குப் பின்னே கிடக்கும். பொருளாதார நூலோரும் நெடுங்காலம் இவ்வண்ணமே நடந்து வந்தனர். அந்தக் கதவைத் திறந்து பார்த்த ஓர் ஆய்வைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். ‘பொருளாதாரமா? புள்ளிவிவரமா?’ என்று அஞ்சிடத் தேவையில்லை. எருவும் ஏரும், சோளமும் கம்பும், கணவனும் மனைவியும் இடம்பெறும் கதைதான் இது. நாம் அன்றாடம் பேசும் ஆட்சி, சட்டம், உதவித் தொகை ஆகிய அனைத்தும் இதிலே அடங்கியிருப்பதை முடிவிலே காண்பீர்கள்.

முதலில், குடும்பத்தைப் பற்றிப் பொருளாதார மேதைகள் எழுதி வைத்த ஏட்டைப் புரட்டுவோம். 1956-ஆம் ஆண்டில் பால் சாமுவேல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் கூறினார்: குடும்பத்தினர் தமக்குள்ளே ஒத்த கருத்துக் கொண்டு பகிர்ந்து கொள்வரேல், அந்தக் குடும்பத்தை ஒரே மனிதனைப் போலக் கருதிக் கணக்கிடலாம் என்று. பின்னர் வந்தார் கேரி பெக்கர். குடும்பத்தையே பொருளாதார ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கி, 1981-இல் பெருநூல் இயற்றி, 1992-இல் நோபல் பரிசும் பெற்றவர். அவர் தீட்டிய சித்திரம் இது: குடும்பத் தலைவன் அன்புடையவன், அனைவர் நலமும் நாடுபவன், வருவாயைப் பகிர்ந்தளிப்பவன். அத்தகைய தலைவன் இருந்துவிட்டால், தன்னலம் பிடித்த பிள்ளைகூட, குடும்ப வருவாய் பெருகினால்தான் தன் பங்கும் பெருகும் என்பதை உணர்ந்து, ஒழுங்காக நடந்துகொள்வான். இதற்கு அவர் ‘கெட்ட பிள்ளைத் தேற்றம்’ என்று பெயரும் சூட்டினார்.

சித்திரம் அழகாகத்தான் இருக்கிறது. கெட்ட பிள்ளைக்கு இடமளித்த தேற்றம், கெட்ட தலைவனுக்கு மட்டும் இடமளிக்க மறந்தது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்வியைப் பலர் கேட்டனர். கணவனும் மனைவியும் பேரம் பேசி முடிவுக்கு வரும் இரு தரப்பினர் என்று 1980-களின் தொடக்கத்தில் சிலர் எழுதினர். பிரெஞ்சு அறிஞர் பியர்-ஆந்த்ரே ஷியாப்போரி 1988-இல் வேறொரு வழி காட்டினார்: ‘வீட்டுக்குள்ளே எவ்வாறு பேரம் நடக்கிறது என்று நாம் ஊகிக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது எப்படியும் போகட்டும். இருப்பதை வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் கொள்வோம்.’ அதாவது, பானைச் சோற்றைப் பங்கிடுவதிலே ஓரவஞ்சனை இருக்கலாம். ஆனால் பானையை எவரும் கவிழ்த்துக் கொட்டமாட்டார்கள் என்பது அவர் கொண்ட அடிப்படை.

‘வீணாகாமை’ என்று சொன்னேனே, அதைத்தான் பொருளாதாரத்தார் ‘திறன்’ என்கின்றனர். இத்தாலி நாட்டு அறிஞர் வில்ஃப்ரெடோ பரேட்டோ 1906-இல் வெளியிட்ட நூலிலே இதற்கு இலக்கணம் வகுத்தார்: ஒருவரையும் தாழ்த்தாமல் இன்னொருவரை உயர்த்திட வழியே இல்லை என்றால், அந்த ஏற்பாடு திறனுடையது, வழி இருந்தும் செய்யாமல் விட்டிருந்தால், அங்கே ஏதோ ஒன்று வீணாகிறது. இலக்கணம் இருந்தது, அளவுகோல் வேண்டுமே! ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவர் வாக்கு. அந்த அளவுகோலைச் செய்து தந்தவர் மைக்கேல் ஃபாரல் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1957. ஒரே அளவு நிலம், உழைப்பு, உரம் கொண்டு சிறந்த பண்ணை நூறு மூட்டை எடுக்கிறது. இன்னொன்று எண்பது எடுக்கிறது. எனில் இரண்டாவதன் திறன் எண்பது சதவீதம். அமெரிக்காவின் அன்றைய 48 மாநிலங்களின் வேளாண்மையை அவர் இந்தக் கோல் கொண்டு அளந்து காட்டினார். கிடைத்ததைக் கொண்டு உச்ச விளைவை எடுத்தல் ஒரு திறன். கிடைத்ததை எங்கே எவ்வளவு இடவேண்டுமோ அங்கே அவ்வளவு இடுதல் மற்றொரு திறன் என்று இரண்டாகப் பிரித்தும் காட்டினார். இந்த இரண்டாவது திறனை, பங்கீட்டுத் திறனை, மனதிலே இருத்திக்கொள்ளுங்கள். நம் கதையே அதிலேதான் இருக்கிறது.

1964-இல் தியோடர் ஷுல்ட்ஸ் என்பார் ஒரு நூல் எழுதினார். ஏழை உழவனை அறிவிலி என்று இகழாதீர்கள். அவன் ஏழைதான், ஆனால் இருப்பதைத் திறம்படப் பயன்படுத்துகிறான் என்று வாதாடினார். குவாத்தமாலா நாட்டுச் சிற்றூர் ஒன்றையும், நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்துச் சேனாப்பூர் என்னும் சிற்றூரையும் சான்று காட்டினார். உழவனின் அறிவைப் போற்றிய அந்த உரை நமக்கு உவப்பானதே. ஆனால் அவரும் அளந்தது வாயிற்படி வரையில்தான். உழவன் என்றார், உழத்தி எங்கே என்று கேட்கவில்லை.

இப்போது ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம்.

மேற்கு ஆப்பிரிக்காவிலே, கடலைக் காணாத நாடு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் மேல் வோல்ட்டா. 1984-இல் தாமஸ் சங்காரா ஆட்சியின்போது அந்தப் பெயரைக் களைந்துவிட்டு, புர்க்கினா ஃபாசோ, அதாவது நேர்மையாளரின் நாடு, என்று பெயர் சூட்டிக்கொண்டது. மழையை நம்பிய மண். கம்பும் சோளமும் உணவு. அங்குள்ள குடும்பங்களின் உழவு முறை நமக்குப் புதுமையாகத் தோன்றும். குடும்பத்து நிலமெல்லாம் ஒன்றாக உழப்படுவதில்லை. கணவனுக்கு எனச் சில வயல். மனைவிக்கு எனச் சில வயல். மனைவியர் இருவரானால் அவரவர்க்குத் தனித்தனி வயல். என்ன விதைப்பது, எப்போது களை எடுப்பது, விளைந்ததை என்ன செய்வது என்பதை அந்தந்த வயலுக்கு உரியவர் முடிவு செய்வார். வீடு ஒன்று, அடுப்பின் புகை ஒன்று, வயல் மட்டும் வேறு வேறு.

இந்த நாட்டின் ஆறு சிற்றூர்களில், 150 குடும்பங்களை, 1981 முதல் 1985 வரை தொடர்ந்து கண்காணித்துக் கணக்கெடுத்தது ஓர் ஆராய்ச்சி நிலையம். எது தெரியுமா? ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில் தலைமையகம் கொண்ட, வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம், இக்ரிசாட். வீட்டு வாயிலோடு நிற்காமல், ஒவ்வொரு வயலுக்கும் சென்று, அது யாருடையது, என்ன மண், எவ்வளவு தொலைவு, எவர் எத்தனை நாள் உழைத்தார், எவ்வளவு எரு இடப்பட்டது, எவ்வளவு விளைந்தது என்றெல்லாம் குறித்து வைத்தனர். அந்த ஏடுகளை எடுத்து ஆராய்ந்தார் கிறிஸ்டபர் உட்ரி என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1996-இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது.

அவர் எழுப்பிய கேள்வி எளியது. ஒரே வீடு. ஒரே ஆண்டு. ஒரே பயிர். ஒரு வயல் கணவனுடையது. ஒரு வயல் மனைவியுடையது. மண்ணின் தன்மை, மேடு பள்ளம், பரப்பு, வீட்டிலிருந்து தொலைவு ஆகியவற்றையெல்லாம் கணக்கிலே சரிசெய்துவிட்ட பிறகு, இரண்டிலும் விளைச்சல் ஒத்திருக்கிறதா? குடும்பம் வீணாக்காத குடும்பமானால் ஒத்திருக்க வேண்டும். ஏனெனில் பங்கிடுவதிலே எவ்வளவு சண்டை இருந்தாலும், முதலில் பானை நிறைவது அனைவருக்கும் நல்லதல்லவா?

ஒத்திருக்கவில்லை, தோழர்களே! பெண்களின் வயலிலே விளைச்சல் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. ஏன்? எரு ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் வயலுக்கே சென்றது. ஆண்களின் உழைப்பும், பிள்ளைகளின் உழைப்பும், வெளியாரிடம் பெற்ற உழைப்பும் ஆண்களின் வயலிலேதான் அதிகம் குவிந்தன. ஒரே தொழுவத்துச் சாணம், ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஒரு கண்ணிலே வெண்ணெய், ஒரு கண்ணிலே சுண்ணாம்பு!

‘பெண்ணுக்கு உழவு தெரியாது’ என்று எவரேனும் இதற்கு விளக்கம் கூறக்கூடும். தெரியாத உழவா அது? அவள் தன் வயலில் செய்வதோடு கணவன் வயலிலும் இறங்கி வேலை செய்கிறாள். அந்த வயலின் மகசூலில் அவள் வியர்வையும் கலந்திருக்கிறது. அறிவு அவளிடம் இருக்கிறது. எருதான் அவளிடம் வந்து சேரவில்லை. பயிற்சி வகுப்பு நடத்திப் பட்டயம் வழங்கினால் பயிர் வளராது. பாத்திக்கு எரு போக வேண்டும்.

இதிலே இழப்பு என்ன என்று ஒரு பாவனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொள்ளும் கணக்கு. ஒத்த இரு வயல். எரு இடாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஐந்து மூட்டை சோளம். முதல் வண்டி எரு மூன்று மூட்டையைக் கூட்டும், இரண்டாவது வண்டி இரண்டு, மூன்றாவது ஒன்று, நான்காவது அரை. மண்ணின் இயல்பு அது. பசித்தவனுக்கு முதல் கவளம் அமுதம்; வயிறு நிறைந்தவனுக்கு அடுத்த கவளம் சுமை. வீட்டிலே நான்கு வண்டி எரு இருக்கிறது. நான்கையும் கணவன் வயலிலே கொட்டினால் அவன் வயலில் பதினொன்றரை மூட்டை, அவள் வயலில் ஐந்து, ஆகப் பதினாறரை. இரண்டிரண்டாகப் பிரித்து இட்டாலோ பத்தும் பத்தும் இருபது! மூன்றரை மூட்டை எங்கே போயிற்று? களவு போகவில்லை, எலி தின்னவில்லை. விளையாமலே போயிற்று.

உட்ரி உண்மையான ஏடுகளைக் கொண்டு போட்ட கணக்கிலே, வீட்டுக்குள்ளே உழைப்பையும் எருவையும் இவ்விதம் பங்கிடுவதால் இழக்கப்படும் விளைச்சல் ஏறத்தாழ 6 சதவீதம். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர், மழை பொய்த்த ஆண்டிலே, அறுவடைக்கு முந்திய திங்களிலே, குதிரைக்குள் கை விட்டுத் துழாவும் தாயிடம் சென்று கேட்கட்டும். புதிய நிலம் வேண்டாம், புதிய விதை வேண்டாம், கடன் வேண்டாம். இருப்பதை வேறு விதமாக இட்டாலே கிடைக்கக்கூடிய தானியம் அது.

என் கணக்கிலே இன்னொன்றையும் கவனியுங்கள். எருவைச் சமமாக இட்டால் அவளுக்குப் பத்து மூட்டை. அதிலே இரண்டை அவள் கணவனிடம் கொடுத்துவிட்டால் அவனுக்குப் பன்னிரண்டு, முன்னைவிட அரை மூட்டை அதிகம். அவளுக்கு எட்டு, முன்னைவிட மூன்று அதிகம். இருவருக்கும் இலாபம்! பின் ஏன் இந்த உடன்பாடு ஏற்படவில்லை? கணவன் மனைவிக்கு எரு கொடுத்து, விளைந்தபின் தானியம் வாங்கிக்கொள்ளக் கூடாதா? மனைவி தன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிடக் கூடாதா?

இங்கேதான், தோழர்களே, பொருளாதாரம் முடிந்து அரசியல் தொடங்குகிறது. உடன்பாடு நிலைக்க வேண்டுமானால் உரிமை உறுதியாக இருக்க வேண்டும். மணமாகி வந்த வீட்டிலே அவளுக்குத் தரப்பட்ட வயல் அது. அதிலே இன்னொருவர் ஏர் பூட்டினால், எரு கொட்டினால், நாளை ‘இது யார் வயல்?’ என்ற கேள்வி எழும். அப்போது அவள் பக்கம் நின்று பேசிட எவர் உளர்? கையை விட்டால் நிலமே போய்விடும் என்ற நிலையிலே, குறைவாக விளைந்தாலும் என் கையிலேயே இருக்கட்டும் என்று பற்றிக்கொள்வது பேதைமையன்று, தற்காப்பு.

இதை மேலும் தெளிவாக்கியது கானா நாட்டிலே உட்ரியும் மார்க்கஸ் கோல்ட்ஸ்டீனும் நடத்திய ஆய்வு. 2008-இல் வெளிவந்த அதன் பெயரே ‘அதிகாரத்தின் இலாபம்’. அங்கே மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட்டு வைத்தால்தான் மண் வளம் மீளும். ஆனால் தரிசாக விட்ட நிலத்தை, ‘உமக்குத் தேவையில்லை போலும்’ என்று சொல்லி மற்றொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். ஊரிலே பதவியும் செல்வாக்கும் உடையவர் அஞ்சாமல் தரிசு விட்டனர். அவர்கள் மண் செழித்தது. அத்தகைய செல்வாக்கு இல்லாதார், பெரும்பாலும் பெண்கள், நிலம் கைநழுவுமோ என்ற அச்சத்தால் விடாமல் பயிரிட்டனர், மண் மெலிந்தது. பதவியிலே இருப்பவன் நிலம் ஓய்வெடுக்கலாம். பதவி இல்லாதாளின் நிலத்துக்கு ஓய்வுகூடக் கிடையாது!

நேர்மையாகப் பேசிட வேண்டுமானால், மறுபக்கத்தையும் உங்கள்முன் வைத்தாக வேண்டும். புர்க்கினா ஃபாசோவையே மீண்டும் ஆராய்ந்த ஹரூனான் கசியாங்கா, ஸாகி வஹாஜ் ஆகியோர் 2013-இல் ஒரு திருத்தம் கூறினர். செழித்த வயல் ஆண்களுடைய வயல் அனைத்துமல்ல, குடும்பத் தலைவருடைய வயல் என்றனர். தலைமை இல்லாத தம்பிமார், மகன்மார் வயல்களும் பெண்களின் வயல்களைப் போலவே மெலிந்திருக்கக் கண்டனர். காரணமும் காட்டினர்: தலைவரின் வயலிலே விளைவது அனைவர் உணவுக்கும் என்பது அந்தச் சமுதாயத்தின் கட்டுப்பாடு; ஆகவே அங்கே அனைவரும் இறங்கி உழைக்கின்றனர். இந்தத் திருத்தத்தை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆண் பெண் என்ற கோடு மட்டுமல்ல, தலைமை என்னும் கோடும் வீட்டுக்குள்ளே ஓடுகிறது என்பதை அது சேர்த்துக் காட்டுகிறது. இருவர் ஆய்விலும் பொய்த்துப்போவது ஒன்றே: வீடு ஒரே மனிதன் என்ற பழைய பாடம்.

விளைவிப்பதிலே மட்டுமா? செலவிடுவதிலும் அப்படித்தான். பிரிட்டனிலே 1970-களின் பிற்பகுதியில் ஒரு மாறுதல் நடந்தது. குழந்தைகளுக்கென அளிக்கப்பட்ட வரிச் சலுகை, அதுவரை பெரும்பாலும் தந்தையின் சம்பளப் பையிலே சேர்ந்து வந்தது. அதை மாற்றி, குழந்தை உதவித் தொகையாகத் தாயின் கையிலே கொடுத்தனர். வீடு ஒரே மனிதனானால், எந்தப் பையில் போட்டாலும் செலவு மாறாதல்லவா? மாறியது! லண்ட்பர்க், பொல்லாக், வேல்ஸ் ஆகிய மூவரும் 1997-இல் காட்டினர்: ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிடுகையில், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் உடைச் செலவு உயர்ந்தது என்று. தென்னாப்பிரிக்காவிலே முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கு விரிவாக்கப்பட்ட பிறகு, எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். 2003-இல் வெளிவந்த முடிவு: பாட்டியின் கைக்கு வந்த ஓய்வூதியம் பேத்தியின் உடலிலே எடையாகவும் உயரமாகவும் தெரிந்தது, தாத்தாவின் கைக்கு வந்தபோது அந்த விளைவு தென்படவில்லை. பணம் ஒன்றுதான்; கை வேறு.

ஆயினும், ‘ஆண் கை கெட்ட கை’ என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். ஐவரி கோஸ்ட் நாட்டிலே டுஃப்லோவும் உட்ரியும் 2004-இல் கண்டது இது: பெண்களின் பயிருக்கு மழை நன்கு பெய்த ஆண்டிலே உணவுச் செலவு கூடியது. வள்ளிக்கிழங்கோ ஏறத்தாழ முற்றிலும் ஆண்களின் பயிர். ஆனால் அதன் வருவாயைக் குடும்பத்துக்கே செலவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். எனவே அது நன்கு விளைந்த ஆண்டிலே உணவும் படிப்பும் செழித்தன. உணர்கிறீர்களா? பிறப்பால் வருவதன்று பொறுப்பு, கட்டுப்பாட்டால் வருவது. சமுதாயம் விதி வகுத்தால் ஆணின் கையும் அடுப்பை நோக்கித் திரும்பும்.

இந்த ஆய்வுகளைத் திரித்துப் பேசுவோர் இருவகையினர். ‘ஆண் வயலில்தானே விளைச்சல் அதிகம்? எல்லா நிலத்தையும் அவனிடமே ஒப்படையுங்கள்’ என்பவர் ஒரு வகை. அவர் எருவை ஒளித்துவிட்டு விளைச்சலை மட்டும் காட்டுகிறார். கணக்கு சொல்வது நேர்மாறானது: பட்டினி கிடக்கும் மண்ணுக்குத்தான் முதல் வண்டி எரு அதிகப் பயன் தரும். ‘பெண்ணுக்கு உரிமை கொடுங்கள், உற்பத்தி பெருகும்’ என்று மட்டும் பேசுவோர் மற்றொரு வகை. இவர்கள் நம் நண்பர்கள். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். திறன் வேறு, நீதி வேறு. ஒருத்தி அரை வயிறு உண்டு, மற்றவர் முழு வயிறு உண்ணும் வீட்டிலே, ஒரு பருக்கையும் வீணாகாமல் இருக்கலாம். பரேட்டோவின் கோல் அந்த வீட்டுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடும்! ஒருவேளை நாளை வேறொரு நாட்டிலே, வேறொரு கணக்கிலே, இழப்பு ஏதும் இல்லை என்று முடிவு வந்தால், அதற்காக அவள் உரிமை அற்றுப்போகுமா? உரிமைக்கு மகசூல் துணைச் சான்று, வேர் அன்று.

ஆகவே, களத்திலே பணியாற்றும் தோழர்களே, இனி எந்தத் திட்டம் வந்தாலும், ‘எத்தனை குடும்பங்களுக்கு?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். குடும்பத்திலே யார் கைக்கு என்று கேளுங்கள். உர மூட்டை எந்த வயலிலே இறங்குகிறது என்று கேளுங்கள். பட்டாவிலே யார் பெயர், கடன் ஏட்டிலே யார் பெயர், கருத்துக் கேட்கும் கூட்டத்திலே யார் குரல் என்று கேளுங்கள். வீட்டின் சராசரி வருவாயைக் காட்டி ‘வறுமை தீர்ந்தது’ என்று எவரேனும் சொன்னால், அந்தச் சராசரிக்குள்ளே மெலிந்து நிற்பது யார் என்று கேளுங்கள். ஆறு சிற்றூர்களிலே வயல் வயலாகச் சென்று குறித்தவர்கள் இல்லாவிட்டால், அந்த விளையாத தானியத்தை உலகம் அறிந்தே இராது. அளக்காத இழப்பு, இல்லாத இழப்பாகிவிடும். இல்லாததென்று சொல்லப்படும் இழப்புக்கு நீதி கேட்பார் எவர்?

அன்பு நிறைந்த இல்லங்கள் உண்டு, மறுப்பார் யார்? ஆனால் அன்பை ஆதாரமாகக் காட்டி உரிமையை ஒத்திவைப்பது அறமாகாது. அன்புள்ள வீட்டுக்கு உரிமை பாரமன்று. அன்பில்லாத வீட்டிலே உரிமை ஒன்றே துணை. வாயிற்படியிலே நின்றுவிட்ட கணக்கை உள்ளே அழைத்துச் செல்வோம். அந்த வீட்டிலே உள்ள இரண்டு வயலையும் அளப்போம். இரண்டுக்கும் எரு கேட்போம்!